ரத்தக்கட்டி சரியான பிறகும் கால் வீங்குவது ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது. ஏழு மாதங்களுக்கு முன் இடது தொடையின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி வந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், போன மாதம் நிறுத்தியாயிற்று. ஆனால் சாயங்காலமானால் கால் கனத்து வீங்குகிறது. உள்கணுக்கால் பக்கம் தோல் பழுப்பாகிக்கொண்டு வருகிறது. மறுபடியும் கட்டி வந்துவிட்டதா? நடந்தால் அது நகர்ந்துவிடுமோ என்று பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறேன்.

பதில்: உங்கள் கடைசி வரிதான் என்னை அதிகம் வருத்துகிறது. தயவுசெய்து நடங்கள். மாத்திரை தொடங்கி நிலைமை கட்டுக்குள் வந்தவர்கள் நடப்பதால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போவது கூடுவதில்லை. உட்கார்ந்தே இருப்பதுதான் உங்கள் காலுக்குக் கெடுதல். ஏன் என்று சொல்கிறேன்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் தடுக்கிறது. கரைக்கும் வேலையை உடல் மெதுவாகச் செய்கிறது. அது முடியும்போது சிரையின் உள்சுவரில் தழும்பும், விறைத்துப்போன வால்வுகளும் மிஞ்சலாம். ரத்தம் கீழே திரும்பி வழியாமல் காப்பவை அந்த வால்வுகள்தான். நலமான காலில், அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைச்சதை ரத்தத்தை மேலே பிழிந்து தள்ள, அழுத்தம் 30க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதான காலில் அப்படி இறங்குவதில்லை. நாள் முழுக்க நீடிக்கும் அழுத்தத்தில் நீர் கசிந்து வீங்குகிறது. சிவப்பணுக்களும் கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் பழுப்பாகப் படிகிறது.

ஆழ்சிரைக் கட்டி வந்தவர்களில் 100க்கு 20 முதல் 50 பேருக்கு, பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள், இந்தத் தொல்லை வருகிறது. கட்டி தொடையிலோ இடுப்பிலோ இருந்தவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். நீங்கள் சொல்வது இதற்குப் பொருந்துகிறது. ஆனாலும் மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமே ஆகியிருப்பதால், டாக்டரைப் பார்த்து ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பழைய ஸ்கேன் அறிக்கையையும் கொண்டுபோங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் பழைய தழும்பையும் புதுக் கட்டியையும் பிரித்துச் சொல்வது எங்களுக்கே சிரமம்.

அதே காலில் இரண்டாவது முறை கட்டி வந்தால் பாதிப்பு பல மடங்காகும். அதனால் டாக்டரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது: முதல் கட்டி ஏன் வந்தது? அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு என்று தெளிவான, முடிந்துபோன காரணம் இருந்தால் நிறுத்தியது சரி. காரணமே தெரியாமல் வந்திருந்தால், நிறுத்திய முதல் ஆண்டிலேயே சுமார் 100க்கு 10 பேருக்குத் திரும்ப வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்குக் குறைந்த அளவில் மாத்திரையைத் தொடரும் வழி உண்டு.

அழுத்தக் காலுறை பற்றிக் கொஞ்சம் நேர்மையாகப் பேச வேண்டும். ஒரு காலத்தில் கட்டி வந்த எல்லோரையும் 2 ஆண்டுகள் போடச் சொன்னோம். 800க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், இந்தத் தொல்லை வராமல் தடுப்பதில் அது பலன் தரவில்லை. ஆனால் வீக்கமும் கனமும் வந்துவிட்டவர்களுக்கு அது நிஜமாகவே ஆறுதல் தருகிறது, உங்களுக்கும் தரலாம். முழங்கால் வரை போதும். காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன் அளவெடுத்து வாங்குங்கள், எழுந்ததும் போட்டு, இரவில் கழற்றுங்கள். சர்க்கரை நோயோ, நடந்தால் கெண்டைச்சதை பிடித்துக்கொள்ளும் தொல்லையோ இருந்தால், காலுக்குத் தமனி ரத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும்.

நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். அப்புறம் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி. இரண்டுமே கெண்டைச்சதையை வலுவாக்கத்தான். ஓய்வெடுக்கும்போது கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். பழுப்பான தோலில் தினமும் மணமில்லாத களிம்பு தடவுங்கள். அங்கே சொறிந்த சின்னக் கீறல்கூட ஆறாப் புண்ணாகலாம், இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம். இவ்வளவு செய்தும் அன்றாட வேலையே முடியாமல் போனால், இடுப்புச் சிரை அடைபட்டிருக்கிறதா என்று பார்த்து ஸ்டென்ட் வைக்கலாமா என ரத்தநாள நிபுணர் சொல்வார்.

இரண்டு கெண்டைக்கால்களையும், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தட்டுப்படும் மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, வாரம் ஒருமுறை காலையில் அளந்து எழுதி வையுங்கள். சாயங்காலம் ஏறி இரவில் வடிவது பழைய பாதிப்பின் குணம். திடீரென ஒரே நாளில் வீங்கி, வலித்து, காலையிலும் வடியாமல் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.