ஒரு சிங்கக் கூட்டம் கண்ணெதிரே அழியும்போது மனிதன் தலையிடலாமா?

"காட்டில் ஒரு சிங்கக் கூட்டம் நோயாலோ சண்டையாலோ அழிந்துகொண்டிருந்தால் மனிதர்கள் தலையிட வேண்டுமா, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பிரிக்காவை மனதில் வைத்துக் கேட்டிருப்பீர்கள். நான் குஜராத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். ஆசியச் சிங்கங்கள் காட்டில் வாழ்வது உலகிலேயே அங்கு மட்டும்தான். ஒரு வங்கியின் வேளாண் கடன் பிரிவில் இருந்தபோது அம்ரேலி மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனேன். அந்தச் சிங்கங்களின் வீடான கிர் காட்டின் கிழக்குப் பகுதி அந்த மாவட்டத்துக்குள் வருகிறது.

தலையிட வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் எதில் தலையிடுவது, எதில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பதில் நாம் தலைகீழாக நடந்துகொள்கிறோம்.

2018 செப்டம்பரில் கிர் கிழக்கில் உள்ள தல்கானியா வனச்சரகத்தில் நடந்ததைப் பாருங்கள். 12ஆம் தேதியிலிருந்து 19ஆம் தேதிக்குள் 11 சிங்கங்கள் இறந்து கிடந்தன. எல்லைச் சண்டை, நுரையீரல் தொற்று என்று முதலில் காரணம் சொன்னார்கள். சண்டை என்பது நம்ப முடியாத காரணம் அல்ல. புதிதாக வரும் ஆண் சிங்கம் பழைய ஆணை விரட்டும், அதன் குட்டிகளைக் கொல்லும். ஆனால் அடுத்த சில நாட்களில், உடல்நலம் குன்றியிருந்ததால் பிடித்து ஜசாதார் மீட்பு மையத்துக்குக் கொண்டுபோன சிங்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. கூண்டுக்குள் இருக்கும் சிங்கம் யாரோடு எல்லைச் சண்டை போடும்?

புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் மாதிரிகளைச் சோதித்தபோது கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் இருப்பது உறுதியானது. நாய்களுக்கு வரும் நோய் அது. மனிதர்களுக்குத் தட்டம்மையை உண்டாக்கும் வைரஸின் உறவினர். உண்ணி மூலம் பரவும் பபேசியா தொற்றும் சேர்ந்துகொண்டிருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் கணக்குப் பார்த்தால், அந்தச் சரகத்தின் சரசியா பகுதியில் இருந்த 26 சிங்கங்களில் 23 இறந்துவிட்டன. மிஞ்சியவை மூன்றே மூன்று.

அமெரிக்காவிலிருந்து 300 டோஸ் தடுப்பூசி அவசரமாக வரவழைக்கப்பட்டது. அக்கம்பக்கத்துச் சிங்கங்களைப் பிடித்துத் தனிமைப்படுத்தி ஊசி போட்டார்கள். காட்டு விலங்குக்கு ஊசி போட்டால் அது காட்டு விலங்கா என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். நீங்கள் கேட்பதும் ஏறக்குறைய அதேதான். எனக்கு அந்தக் கேள்வியில் உடன்பாடு இல்லை. காட்டுக்குள் அந்த நோய் தானாக முளைக்கவில்லை.

அந்தப் பக்கத்து ஊர்களில் மாடோ எருமையோ செத்தால் ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். கடன் கேட்டிருந்த ஒருவரின் கிணற்றைப் பார்க்கப் போன வழியில் அப்படி ஓர் இடத்தைக் கடந்தோம். எருமை ஒன்றின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. தின்று களைத்த நாய்கள் நாலைந்து வேப்ப மர நிழலில் படுத்திருந்தன. ஈரச் சேற்றில் நாய்க் கால்தடங்களுக்கு நடுவே, என் உள்ளங்கையை விரித்து வைத்தாலும் மூடாத அளவில் வேறு தடங்கள். ஒன்றல்ல, பெரிதும் சிறிதுமாகப் பல. இரவில் ஒரு பெண் சிங்கம் குட்டிகளோடு வந்து போயிருக்கிறது. இறந்த மாட்டைச் சிங்கம் தொடாது என்பதெல்லாம் கதை. எளிதாகக் கிடைத்தால் சிங்கமும் தின்னும். நாய் வாய் வைத்த இறைச்சியில் சிங்கம் வாய் வைக்கிறது. நோய் தாவுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா?

சிங்கம் கூடித் தின்னும் விலங்கு. ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும், உரசிக்கொள்ளும். தனியாகத் திரியும் சிறுத்தைக்கு வந்தால் பெரும்பாலும் அதோடு முடியக்கூடிய தொற்று, சிங்கத்துக்கு வந்தால் குடும்பத்தையே கொண்டுபோகிறது. கிர் கூட்டங்கள் ஆப்பிரிக்கக் கூட்டங்களைவிடச் சிறியவை. ஆண்கள் பெரும்பாலும் தனியே திரியும். பெண்களும் குட்டிகளும் சேர்ந்து வாழும். ஒரு பகுதியில் சில பெண் சிங்கங்கள் போனால் அந்தக் கூட்டத்தின் கதை முடிந்தது.

இதே நோய் 1994-இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் பரவியது. சுமார் 1,000 சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு இறந்தன. அங்கும் வைரஸ் தனியாக வேலை செய்யவில்லை என்று பின்னர் தெரியவந்தது. வறட்சியில் நலிந்து, உண்ணி மொய்த்த காட்டெருமைகளைச் சிங்கங்கள் தின்றதால் பபேசியா அதிகமாகப் பற்றியது. வைரஸ் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தது. இரண்டும் சேர்ந்து கொன்றன. ஆனாலும் செரெங்கெட்டியில் எண்ணிக்கை சில ஆண்டுகளில் மீண்டது. பரந்த நிலம், நோய் தொடாத மீதிச் சிங்கங்கள் ஏராளம். "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்ற வாக்கியம் பலிப்பதற்கு இந்த இரண்டும் வேண்டும். கிருக்கு அந்த வசதி இல்லை. அங்குள்ள எல்லாச் சிங்கங்களும் நூறாண்டுகளுக்கு முன் தப்பிப் பிழைத்த சிறு கும்பலின் வாரிசுகள். மரபணு வேறுபாடு குறைவு. ஒன்றைத் தாக்கும் நோய் மற்றதையும் தாக்கும்.

அந்தச் சிறு கும்பல் பிழைத்ததே மனிதத் தலையீட்டால்தான். அன்று கிர் காட்டை ஆண்ட ஜூனாகத் நவாப்கள் வேட்டைக்குக் கட்டுப்பாடு விதித்திராவிட்டால் இன்று நாம் பேசுவதற்கே சிங்கம் இருந்திருக்காது. அதற்கு முன்பு சிந்து முதல் பீகார் வரை இருந்த சிங்கங்களைச் சுட்டுத் தீர்த்ததும் மனிதன்தான் என்பது வேறு விஷயம்.

இன்று அங்கே தலையீடு அன்றாட வேலை. வயல்களில் தரையோடு தரையாக இருந்த கிணறுகளில் சிங்கங்கள் விழுந்து இறந்தன. வனத்துறை உதவியோடு ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பினார்கள். நான் பார்க்கப் போன கிணற்றிலும் புதுச் சுவர் இருந்தது. "கிணறு எனக்கு, சுவர் சாவஜுக்கு" என்று சிரித்தார் அந்த விவசாயி. சிங்கத்தை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பயமில்லையா என்று கேட்டேன். "சாஹேப், அது வந்தால் காட்டுப்பன்றியும் நீலகாயும் வராது. அவை வராவிட்டால் நிலக்கடலை என் வீட்டுக்கு வரும். எப்போதாவது ஒரு கன்றுக்குட்டி போகும், அது அதன் கூலி" என்றார். கன்றுக்கு அரசு இழப்பீடு தருவதும் இந்தப் பெருந்தன்மைக்கு ஒரு காரணம். எல்லா விவசாயிகளும் இப்படிப் பேசுவார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; இரவில் தண்ணீர் பாய்ச்சப் போக அஞ்சுபவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கிணற்றுச் சுவர், ரயில் பாதையோரம் காவல், ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி: இவற்றை எவ்வளவு செய்தாலும் தகும். சிங்கத்தைத் தொடாமலேயே அதைக் காப்பாற்றும் வேலைகள் இவை. நாய்களுக்கு ஊசி போடுவதில் வீரமும் இல்லை, புகைப்படமும் இல்லை. அதனால்தான் பின்தங்கிப்போகிறதோ என்னவோ. சிங்கத்தையே பிடித்து ஊசி போடுவது நோய் வெடித்த பிறகு செய்யும் முதலுதவி. நூற்றுக்கணக்கான சிங்கங்களை மயக்கிப் பிடித்து, குறித்த இடைவெளியில் மறுபடி பிடித்து ஊசி போட்டுக்கொண்டே இருக்க முடியாது.

இரண்டு ஆண் சிங்கங்கள் சண்டையிட்டு ஒன்று காயத்தோடு ஒதுங்கினால் அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தையல் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கேதான் இயற்கையின் போக்கில் விட வேண்டும். தோற்றதைக் காப்பாற்றித் திரும்ப விட்டால் அடுத்த சண்டைக்கு நாமே நாள் குறிக்கிறோம். பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காக மாட்டைக் கட்டிச் சிங்கத்தை வரவழைக்கும் சட்டவிரோதக் காட்சிகளைத் தலையீடு என்றே சொல்லக் கூசுகிறது.

உண்மையில் தேவையான பெரிய தலையீடு ஒன்று இருக்கிறது. கிரிலிருந்து வெகு தொலைவில் இரண்டாவது ஒரு சிங்கக் கூட்டத்தை உருவாக்குவது. இது புதிய யோசனை அல்ல. 1957-இல் ஓர் ஆணையும் இரண்டு பெண்களையும் உத்தரப் பிரதேசத்தின் சந்திரபிரபா சரணாலயத்தில் விட்டார்கள். 1965-க்குள் 11 ஆகப் பெருகின. பிறகு கண்காணிப்பு இல்லாமல் சுவடே தெரியாமல் மறைந்துபோயின. அடுத்த முறை ஒழுங்காகவே தயாரானார்கள். மத்தியப் பிரதேசத்தின் குனோவில் 24 கிராமங்களைக் காலி செய்து 1,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியே குடியேற்றினார்கள். சிங்கம் வரப்போகிறது என்று சொல்லித்தான் அவர்களை வெளியேற்றினார்கள். குஜராத் தர மறுத்தது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்தில் மாற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஒரு சிங்கம்கூடப் போகவில்லை. 2022-இல் அதே குனோவுக்கு நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்து இறங்கின. கடல் தாண்டி வர முடிந்த நாட்டில் மாநில எல்லையைத் தாண்ட முடியவில்லை.

எண்ணிக்கை கூடியிருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. 2020-இல் 674, 2025-இல் 891. அதில் பாதிக்கும் மேற்பட்டவை கிர் சரணாலயத்துக்கு வெளியே வாழ்கின்றன; அவற்றில் பல, வயலும் ஊரும் நாயும் இருக்கும் இடத்தில். இப்போது போர்பந்தர் அருகே உள்ள பர்டா சரணாலயத்தை இரண்டாவது வீடு என்கிறார்கள். 2025 கணக்கெடுப்பில் அங்கே 17 சிங்கங்கள். கிரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சிங்கம் நடந்தே போய்ச் சேரக்கூடிய இடத்துக்கு நோயும் போய்ச் சேரும். அதனால் பர்டாவைக் காட்டி, குனோவுக்கு இனித் தேவையில்லை என்று சொல்லும் வாதத்தை நான் ஏற்கவில்லை.