கொக்கைன் எடுத்தபின் நெஞ்சு இறுக்கம்: புரொப்ரனலால் கொடுக்காதீர்கள்

நேற்றிரவு கொக்கைனும் மதுவும் எடுத்த உங்கள் 26 வயதுத் தம்பிக்கு இப்போது நெஞ்சு இறுக்கம், படபடப்பு. வீட்டிலுள்ள, படபடப்பைக் குறைக்கும் புரொப்ரனலால் மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அது இதயத்துடிப்பை வேகப்படுத்தும் பீட்டா ஏற்பிகளை (அட்ரினலின் போன்றவை வந்து இணையும், செல்களில் உள்ள இடங்கள்) மட்டும்தான் அடைக்கும். கொக்கைன் தூண்டிவிட்ட ஆல்ஃபா ஏற்பிகள் தடையின்றி இதய ரத்தக்குழாயை இன்னும் சுருக்கிவிடலாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இந்த வயதில் மாரடைப்பா என்று தள்ளிப்போடாதீர்கள். கொக்கைன் ரத்தம் உறைவதையும் தூண்டும். மதுவோடு சேர்ந்தால் கல்லீரலில் கோக்காஎத்திலீன் என்ற நச்சுப்பொருள் உருவாகி, நஞ்சு இன்னும் நெடுநேரம் தங்கும்.

என்ன, எப்போது எடுத்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும். முதல் இசிஜி சரியாக இருந்தாலும், சில மணி நேரம் கழித்து ட்ரோபோனினை (இதயத் தசை சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மறுபடி பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள்.