மாற்றுத்திறனாளிக் குழந்தையைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்கலாமா, சிறப்புப் பள்ளிதான் நல்லதா?

சேர்க்கலாம். ஆனால் பள்ளியைப் பார்க்கப் போனால் வகுப்பறைக்கு முன்னால் கழிப்பறையைப் பாருங்கள்.

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். பேச்சு கொஞ்சம் குழறும், வாக்கரைப் பிடித்துத்தான் நடப்பான். கணக்கில் என்னையே மடக்குவான். முதலில் போன தனியார் பள்ளியில் "மற்ற பேரண்ட்ஸ் ஏதாவது சொல்வாங்களே" என்று இழுத்தார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதும் நம் விருப்பம். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், சண்டை போட்டுச் சேர்த்த இடத்தில் பிள்ளையை நாள் முழுக்க விட்டுவர மனம் வந்திருக்காது.

அப்புறம் எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை மறுபேச்சுப் பேசாமல் சேர்த்துக்கொண்டார். சாய்தளம்கூட இருந்தது. ஆனால் ஒன்றரை அடி உயரத் திண்ணைக்கு 5 அடி நீளத்தில், சறுக்குமரம் மாதிரி! ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. அப்படியானால் 18 அடி வந்திருக்க வேண்டும். வாத்தியார்கள் பைக்கை நிழலில் ஏற்றி நிறுத்த மட்டும் அது நன்றாக உதவியது.

இரண்டு மாதம் போனபிறகுதான் கவனித்தோம், காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால் "தாகமே எடுக்கல". ஒருநாள் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னான். கழிப்பறைக்கு ஏற இரண்டு படி, உள்ளே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, அவனால் குந்தி உட்காரவும் முடியாது. அதனால் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறான். ஏழு வயதுப் பிள்ளை! பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லிச் சொல்லி, கைப்பிடியும் வெஸ்டர்ன் கோப்பையும் வர ஒரு வருடம் ஆனது. அதுவரை தினமும் 11 மணிக்கு என் மனைவி பள்ளிக்குப் போய் வந்தாள்.

படிப்புக்கு, வட்டாரத்துப் பள்ளிகளுக்கு உதவும் அரசு அலுவலகமான வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒருநாள் வருவார். பென்சிலில் ஸ்பாஞ்ச் சுற்றிக் கொடுத்தது, எழுத்துத் தேர்வுக்குப் பதில் வாயால் சொல்ல வைக்கும்படி வகுப்பு ஆசிரியரிடம் பேசியது எல்லாம் அவர்தான். தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022இல் சொன்னது. எங்கள் பயிற்றுநரோ தொகுப்பூதியத்தில் பள்ளி பள்ளியாக பஸ் ஏறிக்கொண்டிருந்தார்.

உங்கள் பிள்ளைக்குக் காது கேட்காது என்றால் என் பதில் வேறு. சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பில் 40 பேருக்கு நடுவே உட்கார வைத்தால், குழந்தை தனியாகத்தான் இருக்கும். அங்கே நல்ல சிறப்புப் பள்ளிதான் மேல்.

எங்கே சேர்த்தாலும் சரி, மருத்துவச் சான்றையும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையையும் இப்போதே வாங்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள் என்று எதைக் கேட்டாலும் முதலில் அந்தக் காகிதங்களைத்தான் கேட்பார்கள்.