மலையகத் தலைவர்கள் இந்தியப் பூர்வீகத்தைப் பெருமையாகப் பேசினால், இலங்கை மீது பற்று இல்லை என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. மலையகத் தமிழர் என்றால், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள். பூர்வீகத்தில் பெருமைப்படுவது வேறு, எந்த மண்ணில் உரிமை கேட்கிறோம் என்பது வேறு.

மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானையே பாருங்கள். 1913இல் சிவகங்கைப் பக்கம் பிறந்தவர், அதை மறைத்ததே கிடையாது. 1947இல் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனார். மறு வருஷமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. அப்புறம் 1964இல், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பிரித்துக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனையோ லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பம் சிதறியது. இதை எழுதும்போது இன்றும் எனக்கு வயிறெரிகிறது. தொண்டமான் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார். இந்தியப் பெருமைதான் பெரிது என்றால் எதற்கு எதிர்க்க வேண்டும்?

அமெரிக்க அரசியல்வாதி கமலா ஹாரிஸ் இந்தியரான தன் தாய்வழித் தாத்தாவைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறார், அதற்காக அவர் அமெரிக்கர் இல்லையென்று ஆகிவிடாது.

எங்கள் தோட்டங்களில் மாசி மாதம், மன்மதன் கதையைச் சொல்லும் காமன் கூத்து ஆடுகிறோம். முன்னோர் கடல் தாண்டிக் கொண்டுவந்தது அது, ஆடுவதோ இந்த மண்ணில். 2023இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைத்து, முன்னோர் வந்த அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் மக்கள் நடந்தார்கள். அவர்கள் காணியும் வீடும் சமவுரிமையும் கேட்டது இலங்கை அரசிடம்தான்.