குடை யாருக்கு இல்லை?

அன்புள்ள ஐயா,

ஜப்பானியப் பாடகர் இனோவே யோசுய் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு அவருடைய பாடல்களைத் தேடிக் கேட்டேன். குரலும் கிதாரும் பிடித்தன. ஆனால் 'குடை இல்லை' பாடலின் பொருள் தெரிந்ததும் மனம் ஒட்டவில்லை. நகரத்தில் இளைஞர்களின் தற்கொலை பெருகுகிறது என்கிறது பாடலில் வரும் செய்தித்தாள். அவரோ மழை பெய்கிறது, காதலியைப் பார்க்கப் போகக் குடை இல்லை என்கிறார். இது சுயநலம் அல்லவா?

கே.

அன்புள்ள கே.,

சுயநலம்தான். அதை அவர் மறைக்கவுமில்லை.

பாடல் தனி இசைத்தட்டாக வந்தது 1972 ஜூலையில். சில ஆண்டுகளுக்கு முன்புதான் டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தில் இளைஞர்கள் கிதாரோடு கூடி வியட்நாம் போருக்கு எதிராகப் பாடியிருந்தார்கள். 1972 பிப்ரவரியில் அசாமா மலை விடுதியில் தீவிர இடதுசாரி இளைஞர்கள் பதுங்கியதையும் போலீஸ் முற்றுகையையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர்கள் தங்கள் தோழர்களையே கொன்றிருந்தது பிறகு தெரியவந்தது. அதற்குப் பின் ஒருவன் மேடையேறி நாட்டைத் திருத்துவதாகப் பாடினால் யார் நம்பியிருப்பார்கள்?

யோசுய் தோல்வியைப் பழகியவர். ஃபுகுவோகாவின் நிலக்கரிப் பகுதியில் பல் மருத்துவரின் மகன்; பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத்தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர். 1969இல் 'ஆந்த்ரே காந்த்ரே' என்ற விநோதப் பெயரில் பாட வந்து எடுபடவில்லை. பிறகு சொந்தப் பெயருக்கே திரும்பினார். ஜப்பானியச் சித்திர எழுத்துகளைப் பல விதமாக வாசிக்கலாம்; அவர் பெயரின் எழுத்துகளை வீட்டில் 'அகிமி' என்று வாசிப்பார்கள். அதே எழுத்துகளை மேடைக்கு 'யோசுய்' ஆக்கிக்கொண்டார். 1973 டிசம்பரில் வந்த 'பனி உலகம்' பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஜப்பானிய இசைத்தட்டுத் தொகுப்பு. (1996இல் பஃபி என்ற இரு பெண்கள் குழுவுக்கு அவர் எழுதிய பாட்டு பெய்ஜிங், பெர்லின், டப்ளின், லைபீரியா என்று இடப்பெயர்களை அடுக்கித் தொடங்கும். பொருள் தேடாதீர்கள், எனக்குப் பிடிக்கும்.)

உங்கள் கேள்விக்கு அவரே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறார். ராபர்ட் கேம்பெல் என்ற அறிஞர் அவருடைய ஐம்பது பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இந்தத் தலைப்பை முதலில் 'என்னிடம் குடை இல்லை' என்ற பொருளில் எழுதினார். யோசுய் ஒப்பவில்லை. அது தன் ஒருவனுடைய குடை அல்ல என்றார். 'என்னிடம்' நீங்கியது.

ஆங்கிலத்தில்தான் அந்தத் தகராறு. ஜப்பானிய மொழியைப் போலவே தமிழிலும் 'குடை இல்லை' என்றால் போதும், யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்.