மசாஜ் கோர்ஸில் தோல், தசை, நரம்பு என்று இவ்வளவு உடற்கூறியல் எதற்கு? எதை மட்டும் படித்தால் போதும்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தையும் படித்தேன். கோர்ஸில் பாதி நாள் உடற்கூறியலிலேயே போகிறது, எண்ணெய் தேய்க்கப்போகிறவனுக்கு மேல்தோலில் எத்தனை அடுக்கு என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது, பரீட்சைக்கு எதை மட்டும் படித்தால் பாஸாகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் யாராவது "இதையெல்லாமா காசு கட்டிப் படிப்பாங்க" என்று ஒரு தடவையாவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் எல்லாம் அப்படியே நடந்ததால் உரிமையோடு தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபி படித்தவளும் இல்லை. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். மசாஜ் படித்துவிட்டு, பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக மாற்றிய ஓரிடத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். இப்போது கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் வீடுகளுக்குப் போய் வயதான பெண்களுக்கு மட்டும் செய்கிறேன். "நோயைப் பற்றிப் பேச நீ யார்" என்று கீழே வந்து கேட்கப்போகிறவர்களுக்கு: நோய் என்ன என்று சொல்வது என் வேலை இல்லை. இந்த இடத்தில் கை வைக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது என் வேலை. அதற்குத்தான் தம்பி அந்தப் பாடம்.

இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் ஓர் ஆச்சியும் சமையலுக்கு ஓர் அம்மாவும் இருப்பார்கள். குறையாகச் சொல்லவில்லை, எனக்குச் சோறு போடுவதே அந்த வீடுகள்தான். அப்படி ஒரு வீட்டு ஆச்சிக்காக சிங்கப்பூரிலிருந்து மகள் பேசினார். "அம்மாவுக்குப் பாதமெல்லாம் மரத்துப்போகுதாம். நல்லா ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் போட்டு அழுத்தி உருவி விடுங்க."

நான் போனபோது சமையல்கார அம்மா எல்லாம் தயாராக வைத்திருந்தார். இரும்புச் சட்டியில் கல்லுப்பையும் நொச்சி இலையையும் வறுத்து, வேட்டித் துணியில் முடிந்து வைத்திருந்தார். என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். ஆச்சி அதை வாங்கித் தன் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு, "சூடே இல்லையேடி, இன்னும் கொஞ்சம் காய வச்சுக் கொண்டா" என்றார்.

அப்போதுதான் பாதத்தைச் சரியாகப் பார்த்தேன். சித்திரை வெயில், ஆச்சிக்குக் கழுத்தெல்லாம் வியர்வை. பாதம் மட்டும் உலர்ந்து, குதிகாலில் நீளமாக வெடிப்பு. வியர்வைச் சுரப்பி உள்தோலுக்குள் இருக்கிறது, அதை வேலை செய்ய வைப்பது மெல்லிய நரம்பு. அந்த நரம்பு செத்தால் வியர்வை நின்றுவிடும், தோல் காய்ந்து வெடிக்கும். நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்த அடுக்குக் கணக்கு இங்கேதான் வருகிறது. மேல்தோலில் இரத்தக்குழாயே கிடையாது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் அது ஐந்து அடுக்கு, மற்ற இடங்களில் நான்கு. வெடிப்பு மேல்தோலோடு நின்றால் வெறும் சொரசொரப்பு. உள்தோல் வரை போய்விட்டால் இரத்தம் கசியும், கிருமிக்கும் வழி திறந்துவிடும். அந்த வெடிப்பின் அடியில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அங்கே என் கட்டைவிரலை வைத்து அழுத்தலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது விரல்கள். எல்லா விரலும் நடுக்கணுவில் மேலே தூக்கி, நுனி தரையைக் குத்திக்கொண்டிருந்தது. பாதத்தின் மேல்புறத்தில் எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழுந்திருந்தது. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் விரலை நேராக வைத்திருப்பவை பாதத்துக்குள்ளேயே இருக்கிற சின்னச் சின்னத் தசைகள். அவற்றுக்குப் போகும் நரம்பு பழுதானால் அவை வற்றிவிடும். கணுக்காலுக்கு மேலிருந்து நீளமான தசைநாண்களோடு (தசையை எலும்போடு கட்டுகிற கயிறு) வருகிற பெரிய தசைகள் அப்புறம் தம் இஷ்டத்துக்கு விரலை இழுக்கும். விரல் இப்படி மடங்கினால் உடம்பின் எடை விரல்களின் அடிமேட்டில் அதிகமாக இறங்கி அங்கே காய்ப்பு காய்க்கும். ஆச்சிக்கும் காய்ப்பு இருந்தது, அதை பிளேடால் சீவிக்கொண்டிருந்தாராம்!

தோலும் தசையும் சொன்ன பிறகு நரம்பையும் கேட்டுவிடலாம் என்று, "ஆச்சி, கண்ணை மூடிக்கங்க. தொட்டது தெரிஞ்சா வலது காலா இடது காலான்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், என் ஆள்காட்டி விரலால் பட்டும் படாமல் ஒரு விநாடி. அழுத்தக் கூடாது, தட்டவும் கூடாது, அழுத்தினால் வேறு நரம்பு பதில் சொல்லிவிடும். ஆறில் ஒன்றைத்தான் சொன்னார். நடுவில், "ஆரம்பியேன், ஏன் சும்மா உக்காந்திருக்க" என்று கேட்டார். அப்போது என் விரல் அவருடைய சுண்டுவிரல் மேல்தான் இருந்தது.

சர்க்கரை எத்தனை வருஷமாக என்று கேட்டதற்கு, "அது கிடக்குது இருபது வருஷமா" என்றார்.

கால் விரலிலிருந்து கிளம்பும் உணர்ச்சி நரம்பு இழையின் தாய்ச் செல் இடுப்புப் பக்கம் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், ஒரே செல். சர்க்கரையில் முதலில் விழுவது இந்த நீளமான இழைகள்தான். அதனால்தான் மரமரப்பு இரண்டு காலிலும் விரலில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. அது முழங்கால் பக்கம் வரும் சமயத்தில் கைவிரல் நுனிகளிலும் ஆரம்பிக்கும். (உடனே "எல்லா மரமரப்பும் சர்க்கரைதானா" என்று வராதீர்கள். வைட்டமின் பி12 குறைந்தாலும் வரும், முதுகில் நரம்பு அழுந்தினாலும் வரும். அதனால்தான் டாக்டரிடம் காட்டச் சொன்னேன், நான் பெயர் வைக்கவில்லை.)

ஒத்தட முடிச்சை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டேன். சூடு 43 டிகிரியைத் தாண்டும்போதுதான் வலி நரம்பு கத்த ஆரம்பிக்கிறது. நரம்பு கத்தினாலும் கத்தாவிட்டாலும் தோல் வேகிறது. 60 டிகிரி என்றால் சில விநாடிகள் போதும், 49 டிகிரியில் சில நிமிஷங்கள். வறுத்த உப்பு அதையெல்லாம் தாண்டித்தான் இருக்கும். இதைச் சொன்னதும் சமையல்கார அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "காலங்காலமா ஒத்தடம் குடுக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு" என்றார். வீடியோ காலில் வந்த மகளோ, "நாங்க கூப்பிட்டது மசாஜுக்கு, டாக்டர் வேலை பார்க்க இல்லையே" என்றார். பதிலுக்குப் பதில் பேசவில்லை. தோளுக்கும் முதுகுக்கும் நல்லெண்ணெய் போட்டேன். பாதத்தில் வெடிப்பை விட்டுவிட்டு மேலாகத் தடவினேன். விரல் இடுக்கில் எண்ணெய் போகாமல் பார்த்துக்கொண்டேன், அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வந்துவிடும்.

பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், அவரும் சூட்டையும் பிளேடையும் நிறுத்தச் சொன்னாராம். இது எனக்கு அந்த மகள் சொல்லித் தெரியவில்லை, சமையல்கார அம்மாவைச் சந்தையில் பார்த்தபோது தெரிந்தது. ஆச்சி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் வருகிறவர்களிடமெல்லாம், "நல்லாத்தான் தேய்க்கிறா, சூடு வைக்கத்தான் பயந்து சாகிறா" என்று என்னை அறிமுகம் செய்துவைக்கிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புத்தகத்தில் தோல் ஓர் அத்தியாயம், தசை ஓர் அத்தியாயம், நரம்பு ஓர் அத்தியாயம். அப்படித் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடும். ஏதாவது ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, மேலிருந்து கீழே என்னென்ன இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். ஆடுசதையில் ஆரம்பிக்கலாம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போய் வந்தவர்கள் யாரையாவது பிடித்தால் நல்ல பாடம் கிடைக்கும். மேலே காஸ்ட்ராக்னீமியஸ் என்ற தசை, முழங்காலுக்கு மேலேயிருந்து இரண்டு தலையாகத் தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாக சோலியஸ், அது முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே தசைநாணாகக் குதிகாலில் இறங்குகின்றன. முழங்காலை மடக்கினால் மேல்தசை தளர்ந்துவிடும், அப்போதுதான் அடித்தசைக்கு உங்கள் விரல் எட்டும். இது தெரியாதவர்கள் காலை நீட்டி வைத்துக்கொண்டு முக்கி முக்கி அழுத்துவார்கள், வலிதான் மிச்சம்.

அதே இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தொடவே கூடாது. ஆழத்துச் சிரையில் இரத்தம் கட்டியிருக்கலாம். நீங்கள் உருவினால் அந்த இரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். நீண்ட விமானப் பயணம் செய்து விசேஷத்துக்கு வந்து இறங்குகிறவர்கள் நம் ஊரில் நிறைய. வந்ததும் "கால் பிடிச்சு விடுங்க" என்பார்கள். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

முழங்காலுக்குப் பின்பள்ளம், அக்குள், கழுத்தின் முன்பக்கம் இவற்றில் இரத்தக்குழாயும் நரம்பும் மூடிக்காக்கத் தசை இல்லாமல் கிடக்கின்றன. தாடைக்குக் கீழே கழுத்தை அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து ஆள் மயங்கலாம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். பெரோனியல் நரம்பு அதை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே சுற்றிப் போகிறது. அங்கே முழங்கையை ஊன்றி அழுத்தி நரம்பு அடிபட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். பரீட்சையில் வருகிறதோ இல்லையோ, இவற்றைப் படித்தே ஆக வேண்டும்.

"மசாஜ் செய்தால் லாக்டிக் அமிலம் வெளியே போகும்" என்று உங்கள் ஆசிரியர் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள், நம்ப வேண்டாம். உழைத்த ஒரு மணி நேரத்துக்குள் அதை உடம்பே பார்த்துக்கொள்கிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வருகிற வலி தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதம். மசாஜ் சுகமாக இருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. ரோமம் உள்ள தோலில் மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பு இழைகள் உண்டு. நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரையான வேகத்துக்குத்தான் அவை நன்றாகப் பதில் சொல்கின்றன. ஆச்சிமார்கள் தேய்க்கத் தேய்க்கத் தூங்கிவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். வேகமாகத் தேய்த்தால் காசு சீக்கிரம் வரும், தூக்கம் வராது.

பாட்டி வைத்தியத்தை இழிவாகப் பேசுகிறாள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அம்மா பிள்ளை பெற்ற வீடுகளில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவர். உச்சிக்குழியில் எண்ணெய் வைப்பார், விரலை அழுத்த மாட்டார். மண்டை எலும்புகள் அங்கே இன்னும் கூடவில்லை, பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் கூடும் என்று எந்தப் புத்தகத்திலும் அவர் படிக்கவில்லை. அவருக்கு அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தார். நமக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, புத்தகம்தான் இருக்கிறது.

கடைசியாக, கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. நான் படித்த நிலையத்தில் சேரும்போது பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்தால்தான் அட்மிஷன் என்றார்கள். முடித்த பிறகு "ப்ளேஸ்மென்ட் பீஸ்" என்று ஒரு தொகை கேட்டார்கள், அப்படி ஒன்று சேரும்போது பேச்சிலேயே இல்லை. அவர்கள் வாங்கிக் கொடுத்த வேலையும் எதுவும் இல்லை, ஹோட்டல் வேலையை நானாகத் தேடிக்கொண்டேன். போன் போட்டால் மேனேஜர் லீவு என்பார்கள், நேரில் போனால் சாவி மேனேஜரிடம் என்பார்கள். நீங்கள் ஒரிஜினலைக் கொடுத்திருந்தால் நாளைக்கே போய் ஜெராக்ஸை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அதை வாங்கிவிடுங்கள். பணம் கட்டும்போதெல்லாம், எதற்கான பணம் என்று எழுதிய ரசீது கேளுங்கள். என் மார்க் ஷீட் இன்னும் அவர்கள் பீரோவில்தான் கிடக்கிறது.