பேத்தி பிறந்தாள் என்றபோதும் அவர் முகம் அசையவில்லை

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 53 வயது. தஞ்சாவூர் பக்கம் சின்ன ஊர். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியாராக இருந்தவர், வயது 61. ஆறு வருஷத்துக்கு முன்னால் கரும்பலகையில் சார் எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது என்று பிள்ளைகள்தான் முதலில் சொன்னார்கள். பிறகு வலது கை நடுங்கியது. பார்கின்சன் என்றார்கள்.

காலையில் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நிற்பார். அடுப்பில் பால் பொங்கும். நான் ஓடிவந்து அவர் கையை விலக்கிவிட்டு மளமளவென்று மாட்டிவிடுவேன். குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, எல்லாம் நான்தான். அதைக்கூடச் செய்துவிடலாம். என்ன சொன்னாலும் சுவரைப் பார்ப்பது போல என்னைப் பார்க்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பேத்தி பிறந்த சேதியைச் சொன்னபோதும் முகத்தில் ஒரு அசைவு இல்லை. தூக்கத்தில் கத்துகிறார், உதைக்கிறார். ஒருநாள் என் கன்னத்தில் அடி விழுந்தது. அன்றிலிருந்து கூடத்தில் பாய் போட்டுப் படுக்கிறேன்.

அடுத்ததை எழுதிவிட்டு மூன்று முறை கிழித்துப் போட்டேன். தை மாதம் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள். நடை கொஞ்சம் தேவலை. ஆனால் சில மாதமாக ராத்திரியில் என்னைக் கூப்பிடுகிறார். தினமும். எங்களுக்குள் அது நின்று பல வருஷம் ஆகிறது. பகலில் குழந்தையைப் போலக் குளிப்பாட்டிய உடம்பு, ராத்திரியில் எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுத்தால் கோபம். போனில் வேறு சாமானாக வாங்கிக் குவிக்கிறார். ஒரே மாதிரி டார்ச் லைட் ஏழு, சுவரில் துளை போடும் மெஷின் இரண்டு. பேங்கில் போட்டிருந்ததில் 68,000 ரூபாய் போய்விட்டது. பத்து பைசா வீணாக்காத மனுஷர். அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் பார்த்தது வேஷமா? பிள்ளைகளிடம் சொல்ல வாய் வரவில்லை. சில ராத்திரி, இவர் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று தோன்றிவிடுகிறது. நான் கெட்டவளா?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

மூன்று முறை கிழித்த அந்தப் பகுதியை நான்காவது முறை கிழிக்காமல் அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. உங்கள் மருத்துவருக்கு உடனடியாகத் தெரிய வேண்டியது அதுதான்.

தை மாதம் சேர்த்த மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிரமிபெக்சோல் அல்லது ரோபினிரோல் என்று இருக்கிறதா? மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது பார்கின்சன். குறைந்துபோன டோபமினைப் போல நடித்து வேலை செய்பவை இந்த மாத்திரைகள். ஆனால் டோபமின் கைகால் அசைவுக்கு மட்டும் உரியதல்ல, ஆசைக்கும் அதுதான். அதனால் சிலருக்கு இந்த மாத்திரைகள் காம இச்சையை, வாங்கிக் குவிக்கும் வெறியை, சூதாட்டத்தை, ஓயாத தீனியைத் தூண்டிவிடும். எல்லாருக்கும் வருவதில்லை. வந்தவருக்கோ தன்னிடம் ஏதோ மாறிவிட்டது என்பதே பெரும்பாலும் தெரியாது. டார்ச் லைட்டும் ராத்திரி அழைப்பும் ஒரே சமயத்தில் தொடங்கியிருப்பதால்தான் எனக்கு இந்தச் சந்தேகம். உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர். அளவைக் குறைத்தோ மாற்றியோ கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். பார்கின்சன் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கட்டையாக இறுகி, காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் நான்கு வரி எழுதி மருத்துவர் கையில் கொடுங்கள். நரம்பியல் மருத்துவர்களுக்கு இது புதிதல்ல.

வேஷமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து பைசா வீணாக்காத மனிதர்தான் அவர். ஆனால் காரணம் மாத்திரையாகவே இருந்தாலும், மனசு ஒப்பாதபோது முடியாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நோயாளியாயிற்றே என்று இணங்க வேண்டியதில்லை. கோபத்தில் வற்புறுத்தினால் அந்த அறையில் இருக்காதீர்கள். பெண்கள் உதவி எண்ணான 181க்கு எந்த நேரமும் பேசலாம். பண விஷயத்தை மகனிடமோ மகளிடமோ இந்த வாரமே சொல்லுங்கள். 'மாத்திரையால் அப்பா இப்படி வாங்குகிறார்' என்று சொன்னால் போதும், மற்றதைச் சொல்ல வேண்டாம். அவருக்குத் தெரிந்தே அவர் போனில் கொஞ்சம் பணம் மட்டும் இருக்கும் பேங்க் கணக்கு ஒன்றை வைத்துக் கொடுங்கள்.

உதைப்பதும் நோயின் வேலைதான். கனவு காணும்போது நம் கைகால்களை மூளை கட்டிப்போட்டு வைத்திருக்கும். அவருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. வைத்தியம் உண்டு, அதையும் அந்தச் சீட்டில் எழுதுங்கள். அதுவரை கூடத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி அழைப்பு அடங்கியதும் அதே அறையில் சற்றுத் தள்ளித் தனிக்கட்டில் போட்டுக்கொள்ளலாம்.

குளிப்பாட்டிய கைக்கு ராத்திரியில் ஆசை வரவில்லை என்பதில் குற்றம் எதுவும் இல்லை. பராமரிக்கும் மனைவியர், கணவர்மார் பலர் இதே வார்த்தைகளில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். குளியலையும் சவரத்தையும் வாரத்தில் நாலு நாளாவது ஓர் ஆண் உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள். டார்ச் லைட்டுக்குப் போன பணத்தைவிட நல்ல செலவு அது. 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சட்டைக்கு உள்பக்கம் ஒட்டும் பட்டை வைத்து, பித்தானை வெளியே அழகுக்குத் தைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அவரே மாட்டிக்கொள்வார். நீங்கள் கையை விலக்கும் ஒவ்வொரு காலையும் அவருக்கும் வலித்திருக்கும் அம்மா, சொல்லத்தான் முடிந்திருக்காது.

போய்ச் சேர்ந்தால் தேவலை என்ற நினைப்பு. அதை எழுதும்போது உங்கள் கை எப்படி நடுங்கியிருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. ஆள் எதிரில் இருக்கும்போதே அவரை இழந்துகொண்டிருப்பதைப் பற்றி பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களிலிருந்து எழுதிவருகிறார். செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்க ஊரே வரும். உங்கள் வீட்டுத் துக்கத்தைக் கேட்க யாரும் வரவில்லை. அந்த நினைப்பு வந்ததால் நீங்கள் கெட்டவள் இல்லை, ஆறு வருஷமாக ஓய்வே இல்லாதவள். அது அடிக்கடி வந்தால், அல்லது நாமே போய்விடலாம் என்று திரும்பினால், அன்றைக்கே 14416க்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

கடைசியாக அந்த முகம். பார்கின்சனில் முகத்துத் தசைகளும் இறுகிப்போகும். சிரிப்பு உள்ளே எழுந்தாலும் உதட்டுக்கு வந்து சேராது. குரலும் தேய்ந்துவிடும். பேத்தி பிறந்த அன்று அவர் மனதில் என்ன ஓடியது என்று இதுவரை கேட்டிருக்கிறீர்களா? மாத்திரை வேலை செய்யத் தொடங்கி உடம்பு இளகும் நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், மெதுவாகத்தான் வரும். பால் பொங்கினால் பொங்கட்டும், எழுந்து போய்விடாதீர்கள்.